மாடியில வெயில் சும்மாதானே கெடக்கு! (வாசகர் கேள்வி பதில்)

ரெண்டு இதழ் முன்னாடி ஒருத்தருக்கு சோலார் பத்தி நாலு வரி பதில் எழுதினேன், அதோட வினை, இந்த மாசம் வந்த தபால்ல பாதி சோலாராவே இருக்கு. சரி, இந்த தடவை ஃப்ரிட்ஜ் மிக்ஸி கேள்வியெல்லாம் ஒரு ஓரமா வெச்சுட்டு முழுக்க சோலாரே பேசிடுவோம். முதல்லயே சொல்லிடறேன், நான் சோலார் விக்கிறவன் இல்ல. எலக்ட்ரிக்கல் லைன்ல முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், திருச்சியில என் வீட்டு மாடியில 3 கிலோவாட் போட்டு ஆறு வருஷம் ஆச்சு, அதுல பட்ட அடியும் சேத்துதான் எழுதறேன். வந்த கடிதத்துல முக்கால்வாசி "எந்த கம்பெனி பேனல் சார் நல்லது"ன்னுதான் ஆரம்பிக்குது. நான் அதை கடைசியாத்தான் பாப்பேன். ஏன்னு போகப் போக தெரியும்.

கேள்வி: சார், எங்க வீட்ல ரெண்டு ஏசி. அப்பா அம்மாவும் குழந்தையும் இருக்கறதால வருஷம் முழுக்க ஏதாவது ஒண்ணு ஓடிக்கிட்டேதான் இருக்கும். போன வருஷத்து ஆறு ரீடிங்கையும் எழுதியிருக்கேன், சராசரி 760 யூனிட் வருது. சோலார்காரர் வந்து பாத்துட்டு 5 கிலோவாட் போடுங்க, ஆயுசுக்கும் பில்லே வராதுங்கறார். 2 கிலோவாட்டுக்கு 1,40,000, 3க்கு 1,95,000, 5க்கு 3,10,000னு கொட்டேஷன் குடுத்திருக்கார். எது எடுக்கலாம்? (மதுரை வாசகர்)

பதில்: ஆறு ரீடிங்கையும் எழுதி அனுப்பின ஒரே ஆள் நீங்கதான் சார், அதுக்கே உங்களுக்கு முதல் இடம். மத்தவங்கள்லாம் "பில்லு எக்கச்சக்கமா வருது"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க, அத வெச்சு நான் என்ன கணக்கு போடறது.

நம்ம ஊர் கரண்ட் கட்டணத்துல ஒரு சூட்சுமம் இருக்கு, அது தெரிஞ்சாதான் எத்தனை கிலோவாட்னு முடிவு பண்ண முடியும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, அது எல்லாருக்கும் தெரியும். 500க்குள்ள நின்னுட்டா 101லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35, 201லேர்ந்து 400 வரைக்கும் 4.70தான். ஆனா 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த சலுகை போயிடும், 101லேர்ந்து 400 வரைக்கும் மொத்தமா 4.80, அப்புறம் 6.45, 500க்கு மேல 8.55, 600க்கு மேல 9.65, 800க்கு மேல 10.70, ஆயிரத்துக்கு மேல 11.80. இது 2024 ஜூலைல வந்த கட்டணம், அத வெச்சுத்தான் உங்களுக்கு கணக்கு போட்டேன். சோலாருக்குன்னு வர்ற சில்லறை சார்ஜ் ஏதும் இதுல சேக்கல.

உங்க 760 யூனிட்டுக்கு பில் 4,484 ரூபா. நம்ம பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட், வருஷ சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் குடுக்கும், மழை நாள் மேக நாள் எல்லாம் சேத்துதான் இந்த 4. அப்ப 2 கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். நெட் மீட்டர்னு ஒண்ணு மாட்டுவாங்க, நீங்க லைன்லேர்ந்து எடுக்கறதையும் பேனல் லைனுக்கு தர்றதையும் சேத்து கணக்கு பாக்கற மீட்டர், அதுல இது கழிஞ்சு நீங்க காசு கட்ட வேண்டியது 280 யூனிட்டுக்குதான், பில் 611 ரூபா. அதாவது ரெண்டு மாசத்துக்கு 3,873 மிச்சம், வருஷத்துக்கு 23,000 சொச்சம். சென்ட்ரல் கவர்மெண்ட் மானியம் 60,000 போனா உங்க கைக்காசு 80,000, மூணரை வருஷத்துல போட்ட காசு வந்துடும்.

இப்ப 3 கிலோவாட்டுக்கு வாங்க. 720 யூனிட் வரும், மிச்சம் 40, அது ஃப்ரீக்குள்ள அடங்கிடும், பில் பூஜ்யம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மூணாவது கிலோவாட் உங்களுக்கு சம்பாரிச்சு தர்றது அந்த 611 ரூபா மட்டும்தான், வருஷத்துக்கு 3,666. மானியம் 78,000 போக 3 கிலோவாட்டுக்கு உங்க கைக்காசு 1,17,000, அதாவது 2 கிலோவாட்டை விட 37,000 கூட, அது திரும்பி வர பத்து வருஷம் ஆகும். மொத ரெண்டு கிலோவாட் குதிரை, மூணாவது மாட்டு வண்டி. பேட்டரி ஸ்கூட்டர் வாங்கப் போறீங்க, இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறப் போறீங்கன்னா 3 போடுங்க, தப்பில்ல.

5 கிலோவாட்டா? மானியம் 78,000ஐ தாண்டாது, 3 போட்டாலும் அதேதான் 5 போட்டாலும் அதேதான். உங்க தேவைக்கு மேல ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட்டுக்கு மேல மிஞ்சும், மிஞ்சினது அடுத்த பில்லுக்கு வரவு போகும், போய்க்கிட்டே இருக்கும், வருஷ கடைசில கணக்கு முடிக்கும்போது அதுக்கு நீங்க கட்டற 8 ரூபா 9 ரூபாயெல்லாம் யாரும் தர மாட்டாங்க. சோலார்காரருக்கு 5 நல்லது. உங்களுக்கு 2.

கேள்வி: அண்ணே, பக்கத்து வீட்டுல போன மாசம் சோலார் போட்டாங்க. நேத்து பட்டப்பகல்ல கரண்ட் கட் ஆச்சு, நல்லா சுள்ளுனு வெயில், அவங்க வீட்லயும் ஃபேன் நின்னுபோச்சு! எங்க வீட்டு யுபிஎஸ் ஓடுது, அவங்க விசிறிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஏமாத்திட்டாங்களா அவங்கள? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: ஏமாத்தல தம்பி, சொல்லாம விட்டுட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதானன்னு கேட்டா நான் மறுக்க மாட்டேன்.

அவங்க போட்டிருக்கறது ஆன்கிரிட். அதுல பேனல் கரண்ட்டை வீட்டு கரண்ட்டா மாத்தற இன்வெர்ட்டர், லைன்ல கரண்ட் இருந்தாதான் வேலை செய்யும், லைன் போனதும் அதுவும் தானா நின்னுடும், நிக்கணும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கரண்ட் கட்னா என்ன அர்த்தம், எங்கயோ கம்பத்துல லைன்மேன் ஏறியிருக்கார்னும் இருக்கலாம். அவர் ட்ரான்ஸ்பார்மர்ல ஆஃப் பண்ணிட்டு ஏறி கம்பியில கை வெக்கிற நேரத்துல, உங்க பக்கத்து வீட்டு மாடிலேர்ந்து கரண்ட் திரும்பி கம்பிக்கு போச்சுன்னா? அந்த ஒரு காரணத்துக்காகத்தான். இதை யாராவது "செட்டிங்ல மாத்தி தரேன்"னு வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க.

அப்ப கரண்ட் போனா ஓடணும்னா ஹைபிரிட்தான், பேட்டரியோட. விலை நல்லா ஏறும், மானியம் பேனல் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்கு தனியா ஒண்ணும் கிடையாது. 2012 வாக்குல பத்து மணி நேரம் பன்னெண்டு மணி நேரம்னு கரண்ட் இல்லாம கெடந்தோமே, அப்பன்னா நானே ஹைபிரிட் போடுங்கன்னு சொல்லுவேன். இன்னிக்கு உங்க ஊர்ல மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்தறாங்க, நடுவுல மழை காத்துன்னா கொஞ்ச நேரம், அதுக்கு லட்ச ரூபா பேட்டரியா?

உங்க வீட்டு யுபிஎஸ்ஸே போதும். 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி ஒண்ணு, கணக்குக்கு 1,800 வாட் ஹவர், பாதிக்கு மேல இறக்காம வெச்சுக்கிட்டா நாள் பட உழைக்கும், அந்த பாதி 900ல ரெண்டு ஃபேன், அஞ்சு எல்இடி லைட், வைஃபை நாலு மணி நேரம் ஓடும். நீங்க சோலார் போட்டாலும் ஆன்கிரிட் போட்டுட்டு யுபிஎஸ்ஸை அப்படியே விடுங்க. ஒண்ணே ஒண்ணு, ஆன்கிரிட் ஒயரை யுபிஎஸ் அவுட்புட் பக்கம் குடுத்துடக் கூடாது, மெயின் பக்கம்தான் போகணும். மாத்தி குடுத்தா அது யுபிஎஸ் கரண்ட்டை லைன் கரண்ட்னு நினைச்சு ஓட ஆரம்பிச்சு யுபிஎஸ்ஸை பதம் பாத்துடும். புது பசங்க வந்தா பக்கத்துல நின்னு பாருங்க.

கேள்வி: சோலார் போட்டா மாசம் 300 யூனிட் கவர்மெண்ட் இலவசமா தருதாமே, எங்களுக்கு அதுல பாதி கிடைச்சா கூட போதும், எங்க எழுதி குடுக்கணும்? (அரியலூர் வாசகி)

பதில்: யாரும் தரல ம்மா. 2024 பிப்ரவரில பிஎம் சூர்ய கர் திட்டம் வந்தப்ப சொன்ன 300 யூனிட்டு, உங்க மாடில உங்க பேனல் தயாரிக்கிற 300 யூனிட்டு. கவர்மெண்ட் தர்றது பேனல் போட மானியம், 2 கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, அதோட சரி.

கேள்வி: வணக்கம் சார். மாடி பெருசு, 1200 சதுர அடி. ஆனா தெற்குப் பக்கம் மூணு தென்னை மரம் மாடிக்கு மேல ஒசந்து நிக்குது. வீட்டுக்காரர் மரத்தை வெட்டிட்டு சோலார் போடலாங்கறார், மாமியார் என்னை வெட்டிட்டு மரத்தை வெட்டுங்கறாங்க. நடுவுல நான். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: நான் உங்க மாமியார் கட்சி.

பேனல்ல செல் எல்லாம் சீரியல் லைட்டு மாதிரி ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா கோத்திருக்கும். ஒரு ஓலை நிழல் ரெண்டு செல்லு மேல விழுந்தா அந்த ரெண்டு செல்லோட போகாது, அந்த வரிசையே படுத்துடும். உள்ள டயோடு வெச்சிருப்பாங்க, அது நிழல் பட்ட பகுதியை மட்டும் ஒதுக்கி விட்டுட்டு மிச்சத்தை ஓட்டும், அப்படியும் நாலு விரல் அகல நிழலுக்கு பேனல்ல மூணுல ஒரு பங்கு போயிடும். மொட்டை மாடில கொடி கட்டி வேட்டி காய போடறது, டிஷ் ஆண்டெனா, தண்ணி டேங்க், எல்லாமே இந்த கணக்குதான். இதுக்குத்தான் நான் கம்பெனி பேரை கடைசியா பாக்கச் சொல்றது, உலகத்துலயே உசத்தி பேனலை கொண்டாந்து தென்னை நிழல்ல வெச்சா அது வெறும் கண்ணாடி.

ஆனா உங்களுக்கு மாடி பெருசு. 2 கிலோவாட்டுக்கு இப்ப வர்ற 550 வாட் பேனல் நாலு போதும், ஒண்ணு ஏழரை அடிக்கு மூணே முக்கால் அடி, இடைவெளி நடைபாதை எல்லாம் சேத்தாலும் 200 சதுர அடி. அந்த 200 அடி நிழல் படாம எங்கயாவது கிடைக்குமான்னு தேடுங்க. எப்படின்னா, ஒரு சாக்பீஸ் எடுத்துக்கிட்டு காலைல 9 மணி, மத்தியானம் 12, சாயங்காலம் 3, மூணு நேரமும் மாடில போய் நிழலோட ஓரத்துல கோடு போட்டுட்டு வாங்க. 9க்கு முன்னாடியும் 3க்கு அப்புறமும் விழற நிழலுக்கு கவலப்படாதீங்க, அந்த நேரத்துல உற்பத்தியே கம்மி. நடுவுல ஆறு மணி நேரம் முக்கியம்.

ஆனா இந்த கோட்டை மார்கழில போடணும், வைகாசில போட்டா ஏமாந்துடுவீங்க. சித்திரை மத்திலேர்ந்து ஆவணி வரைக்கும் நம்ம பக்கம் சூரியன் உச்சிக்கு கொஞ்சம் வடக்கால போவார், தெக்கத்தி மரத்தோட மத்தியான நிழல் உங்க வீட்டுப் பக்கமே வராது. சோலார்காரர் அப்ப வந்து பாத்தா "நிழலே இல்லம்மா"ன்னு சொல்லிட்டு போயிடுவார், பொய்யும் இல்ல. மார்கழில சூரியன் நல்லா தெற்க சாஞ்சிடுவார், தஞ்சாவூர்ல உச்சி நேரத்துலயே நிழல் வடக்கால, உயரத்துல மூணுல ரெண்டு பங்கு நீளம் விழும், காலை 9 மணிக்கு உயரத்தை விட ஒன்றரை மடங்கு. மாடிக்கு மேல மரம் 15 அடி தெரியுதுன்னா மத்தியானம் 10 அடி, காலைல 22 அடி. மார்கழி வரைக்கும் பொறுக்க முடியாதுன்னா இந்த கணக்கை வெச்சு வடக்கு ஓரத்துல இடம் பாருங்க, 1200 அடில 200 அடி கெடைக்காமயா போகும்.

இன்னொரு விஷயம், மரத்துக்கு நேர் கீழ மட்டும் வேணாம். பேனல் கண்ணாடி ஆலங்கட்டி தாங்கும், காஞ்ச மட்டையையும் நெத்தையும் தாங்கும்னு யாரும் எழுதி தர மாட்டாங்க.

வடக்கு ஓரத்துலயும் கொஞ்சம் நிழல் வருதுன்னா, ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியா வெக்கிற மைக்ரோ இன்வெர்ட்டர் இருக்கு, ஒரு பேனல் படுத்தா மத்ததை இழுக்காது. விலை கூட. மரம் மூணும் காய்க்குற மரமா இருந்தா அந்த விலை கூட பரவால்லன்னு உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க, மாமியார் காதுல விழற மாதிரி.

கேள்வி: ரிட்டயர்டு வாத்தியார் நான். வீட்ல நானும் மனைவியும் மட்டும். ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட், பில் 423 ரூபா. மகள் பெங்களூர்லேர்ந்து தினம் போன் பண்ணி சோலார் போடுங்கப்பாங்கறா. (நாமக்கல் வாசகர்)

பதில்: வேணாம் சார். 1 கிலோவாட்டுக்கு 70,000 வெச்சுப்போம், மானியம் போக 40,000. உங்க மொத்த பில்லே வருஷத்துக்கு 2,538 ரூபா, அது முழுசும் மிச்சமானாலும் 40,000 எடுக்க பதினஞ்சு வருஷத்துக்கு மேல. சுற்றுச்சூழலுக்காக போடறேன்னா அது வேற, அதுக்கு நான் குறுக்க நிக்கல. இல்லன்னா பழைய ஃபேன் ரெண்டை மாத்தி பிஎல்டிசி ஃபேன் போடுங்க, 75 வாட் இழுக்கற எடத்துல 30 வாட்தான் இழுக்கும். மகள்ட்ட நான் சொன்னேன்னு சொல்லிக்கோங்க.

கேள்வி: அண்ணா, நாங்க வேதாரண்யம் பக்கம். கஜாவுல கூரை, மரம், கரண்ட் கம்பம்னு எல்லாம் போன ஊரு. இங்க மாடில தகரம் வெக்கவே பயமா இருக்கு, பேனல் வெக்கலாமா? உப்புக் காத்து வேற. (நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்)

பதில்: 2018 நவம்பர் 16 ராத்திரியை அனுபவிச்சவங்க கேக்கறீங்க, லேசா பதில் சொல்ல முடியாது. வெக்கலாம். ஆனா உங்க ஊர்ல பேனல் ரெண்டாம்பட்சம், அதை தாங்கற ஸ்ட்ரக்சர்தான் முதல்.

இப்ப ஒரு ஃபேஷன் வந்திருக்கு, மாடில எட்டடி ஒசரத்துக்கு பந்தல் மாதிரி தூக்கி மேல பேனல், கீழ ஊஞ்சல். உள்ளூர்ல நல்லா இருக்கும், கீழ நிழல், துணி காய போடலாம். கடலோரத்துல அது பாய்மரம். காத்து அடில பூந்து மேல தூக்கும், பேனல் ஒண்ணு 28 கிலோன்னாலும் அந்த பரப்புக்கு காத்து தூக்கற பலத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. நீங்க தாழ்வா வைங்க, பத்து பன்னெண்டு டிகிரி சாய்மானம், தெற்கு பாத்து, அதுவே நம்ம பக்கத்துக்கு சரியான சாய்வும் கூட. கைப்பிடி சுவர் மறைவு இருந்தா இன்னும் நல்லது, அதோட நிழல் மேல விழாம பாத்துக்கிட்டு.

இரும்பை பத்தி கொட்டேஷன்ல எழுத்துல வாங்குங்க. ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கற பூச்சு, 80 மைக்ரான் கனம். "ஜிஐதான் சார் எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லுவாங்க, ஒண்ணு இல்ல. கடலே இல்லாத திருச்சியில எனக்கு என்ன ஆச்சு தெரியுமா, போட்ட ஆள் ஸ்ட்ரக்சரை நல்லதாத்தான் கொண்டாந்தார், ஆனா மாடில வந்து கட்டர் வெச்சு அளவுக்கு வெட்டி, ட்ரில் போட்டு, வெட்டின எடத்துல சில்வர் பெயிண்ட் அடிச்சுட்டு போயிட்டார். போல்ட்டும் சாதா இரும்பு. ரெண்டாவது மழைக்காலத்துல தளத்துல செங்கக் கலர்ல தண்ணி வடிஞ்சுது, போல்ட்டை ஸ்பேனர் வெச்சு திருப்பினா தலை கையோட வருது. அந்த ஆளுக்கு போன் பண்ணா ஊருக்கு போயிருக்கேன்னார், இன்னும் வரல. பதினாலு போல்ட்டும் நானே மாத்தினேன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல. உங்க ஊருக்கு அதுலயும் 316 கிரேடுன்னு கேட்டு வாங்குங்க, 304 உப்புக்கு அவ்ளோ தாங்காது. வெட்டறது துளை போடறதெல்லாம் பட்டறைலயே முடிச்சு அப்புறம் கால்வனைஸ் பண்ணி கொண்டாரணும்னு சொல்லிடுங்க.

தளத்துல தட்டோடு பதிச்சிருந்தா அதை ஓட்டை போட்டு வெறும் ஆங்கர் அடிக்க விடாதீங்க, காத்துல பேனல் நின்னாலும் மழைல வீடு ஒழுகும். காங்கிரீட்ல பெடஸ்டல், அதாவது குட்டைத் தூண் கட்டி தளத்தோட கம்பியில பிணைச்சு அதுல நிறுத்தறது நல்லது, செலவு கொஞ்சம் கூட, மேஸ்திரியை கூப்பிட்டு தளம் தாங்குமான்னும் காட்டிடுங்க. பேனல் டேட்டா ஷீட்ல ஐஈசி 61701னு இருக்கான்னு பாருங்க, அது உப்புக் காத்து சோதனை. இன்வெர்ட்டரை வெளில தொங்க விடாம படிக்கட்டு ஹெட்ரூமுக்குள்ள வைங்க. எர்த்திங் மூணு தனித்தனியா வேணும், இடிதாங்கிக்கு ஒண்ணு, பேனல்லேர்ந்து வர்ற டிசி கரண்ட் பக்கம் ஒண்ணு, இன்வெர்ட்டர்லேர்ந்து போற ஏசி கரண்ட் பக்கம் ஒண்ணு. மூணையும் ஒரே குழில சேக்கிறவங்கதான் ஊர்ல நிறைய. ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை முறுக்கிடுங்க, காப்பீட்டையும் ஒரு எட்டு பாத்துக்கோங்க.

கேள்வி: மோனோ பெர்க், டாப்கான், பைஃபேஷியல், ஹாஃப் கட், டிசிஆர்... தலை சுத்துது சார். (ஈரோடு வாசகர்)

பதில்: சுத்தற அளவுக்கு ஒண்ணும் இல்ல. டிசிஆர்ங்கறது மட்டும் கட்டாயம், அதாவது செல்லும் பேனலும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், அப்பதான் மானியம். விலை கூட இருக்கும். "மானியம் வேணாம், நான்-டிசிஆர் போட்டு அதை விட கம்மில முடிச்சு தரேன்"னு சிலர் வருவாங்க, ரெண்டு கொட்டேஷனையும் வாங்கி மானியம் கழிச்சு ஒப்பிட்டுப் பாருங்க, 3 கிலோவாட் வரைக்கும் பெரும்பாலும் டிசிஆர்தான் ஜெயிக்கும். மோனோ பெர்க், டாப்கான் ரெண்டும் செல்லோட வகை, அதுல டாப்கான் சூடு கொஞ்சம் நல்லா தாங்கும், விலை வித்தியாசம் ரெண்டாயிரம் மூவாயிரம்னா எடுங்க. பைஃபேஷியல் கீழ்ப்பக்கமும் வெளிச்சம் வாங்கும், ஆனா தளத்தை ஒட்டி தாழ்வா போட்டா கீழ என்ன வெளிச்சம் இருக்கும். ஹாஃப் கட்னா செல்லை ரெண்டா வெட்டி கோக்கறது, இப்ப எல்லாத்துலயும் வந்துடுது. 25 வருஷ வாரண்டின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறது உற்பத்தி அளவுக்கான வாரண்டி, பேனல் பழுதானா மாத்தித் தர்ற வாரண்டி தனி, அது 10, 12 வருஷம்னு சின்ன எழுத்துல இருக்கும். அந்த சின்ன எழுத்தை படிங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12லேர்ந்து 5 சதவீதம் ஆயிடுச்சு, பழைய கொட்டேஷனை நீட்டினா திருப்பி குடுத்துடுங்க.

கேள்வி: எங்க வீட்டு இபி கனெக்‌ஷன் இன்னும் தாத்தா பேர்ல இருக்கு, அவர் தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. சோலார்காரர் "அதெல்லாம் பாத்துக்கலாம், அட்வான்ஸ் குடுங்க"ங்கறார். (சேலம் வாசகர்)

பதில்: குடுக்காதீங்க தம்பி, பேர் மாத்திட்டு குடுங்க. மானியம் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவர் பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் வரும், அதுவும் எல்லாம் போட்டு முடிச்சு, நெட் மீட்டர் மாட்டி, ஆன் பண்ணதுக்கு அப்புறம். தாத்தா அக்கவுண்ட்டுக்கு எங்க போறது. எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்ல பேனல் மேல ஏறி ஏழு மாசம் சும்மா படுத்துக் கிடந்துச்சு, அண்ணன் தம்பி கையெழுத்து போடற தகராறுல.

இறப்பு சான்று, வாரிசு சான்று, மத்த வாரிசுங்க சம்மதம், சொத்து வரி ரசீது இதெல்லாம் எடுத்துக்கிட்டு பேர் மாத்தத்துக்கு முதல்ல போடுங்க. அது முடிஞ்சதும் பிஎம் சூர்ய கர் திட்டத்தோட தேசிய போர்ட்டல்ல நீங்களே உங்க மொபைல் நம்பர் குடுத்து விண்ணப்பம் போடுங்க, சோலார்காரர் நம்பரை குடுக்காதீங்க, அப்புறம் ஓடிபிக்கு அவர் பின்னாடி அலையணும். அவர் அந்த போர்ட்டல்ல பதிவு பண்ணின வெண்டர்தானான்னும் அங்கயே பாத்துடலாம், பதிவு இல்லாத ஆள்ட்ட போட்டா மானியம் கிடையாது. 10 கிலோவாட் வரைக்கும் இப்ப சாத்தியமா இல்லையான்னு தனியா ஆய்வு வேணாம்னு 2024ல விதியை மாத்திட்டாங்க, அதனால "ஆபீஸ்ல பேசணும், அதுக்கு தனியா ஆகும்"னு கேட்டா எதுக்குன்னு கேளுங்க. கைல காசு இல்லன்னா 3 கிலோவாட் வரைக்கும் பேங்க்ல ஜாமீன் சொத்து கேக்காம கடன் தர்றாங்க, அந்த விண்ணப்பமும் போர்ட்டல் வழியாவே போகும். திட்டத்துல போட்டா அஞ்சு வருஷ பராமரிப்பு வெண்டர் பொறுப்பு, அக்ரிமெண்ட்ல அந்த வரி இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

கேள்வி: சென்னைல அபார்ட்மெண்ட், மூணாவது மாடி, 24 வீடு. மொட்டை மாடி பொது. எங்களுக்கெல்லாம் சோலார் கனவுதானா? (வேளச்சேரி வாசகி)

பதில்: உங்க தனி மீட்டருக்கு கஷ்டம், மாடில உங்க பங்கு எதுன்னு சண்டை வரும். ஆனா பொது மீட்டருக்கு போடலாம், லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட், வண்டி சார்ஜ் பண்ற பாயிண்ட். அசோசியேஷனுக்கு கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. லிஃப்ட் பில்லை பிரிச்சு கட்டறீங்கல்ல, அந்த பில்லை எடுத்துக்கிட்டு அடுத்த மீட்டிங்குக்கு போங்க. ஒத்துக்க வைக்கிறது மட்டும் உங்க சாமர்த்தியம், அதுக்கு இந்தப் பக்கத்துல பதில் கிடையாது.

கேள்வி: பேனலை தினம் கழுவணுமா? எங்க போர் தண்ணி ஒரே உப்பு. (திருப்பூர் வாசகி)

பதில்: தினம் வேணாம், மழை இல்லாத மாசத்துல பத்து பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை போதும். உப்புத் தண்ணி ஊத்தினா காஞ்சதும் வெள்ளை வெள்ளையா படிஞ்சு அதுவே திரையா ஆயிடும். ஆர்ஓ மிஷின் வெளில தள்ற தண்ணியை வீணாக்காம பேனலுக்கு ஊத்தறேன்னு ஒருத்தர் பெருமையா எழுதியிருந்தார், சாமி, இருக்கற உப்பெல்லாம் அதுலதான் இருக்கு! ஏசில சொட்டற தண்ணியை பக்கெட்ல பிடிங்க, அது காத்துலேர்ந்து வர்ற ஈரம், உப்பே கிடையாது, மாப் துணியை அதுல நனைச்சு துடைங்க. காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி. சுட்டுக்கிட்டு இருக்கற கண்ணாடில குளிர்ந்த தண்ணி ஊத்தக் கூடாது, சோப்பு தூள் கீள் வேணாம், மேல ஏறி மிதிக்கவும் வேணாம்.

கேள்வி: தாத்தா, நான் எட்டாம் கிளாஸ். அக்னி நட்சத்திரத்துலதான் சோலார் கரண்ட் ரொம்ப வருமா? எங்க சயின்ஸ் மிஸ் ஆமாங்கறாங்க, அப்பா இல்லங்கறார். (கரூர் வாசகர்)

பதில்: அப்பா சொல்றதுதான் சரி கண்ணு, மிஸ்ட்ட மெதுவா சொல்லு. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. பேனல்ல 550 வாட்னு எழுதியிருக்கறது செல் 25 டிகிரில இருக்கும்போது அளந்தது. மே மாசம் மத்தியானம் நம்ம மாடில பேனல் 60, 65 டிகிரிக்கு போயிடும், ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் நூத்துக்கு 0.3 அளவுக்கு குறையும், பெருக்கி பாரு, பத்து பன்னெண்டு சதவீதம் சூட்டுலயே போச்சு. நான் தினம் சாயங்காலம் இன்வெர்ட்டர்ல பாத்து ஒரு பழைய டைரில எழுதி வெக்கிறேன், என் 3 கிலோவாட்டுக்கு மாசி பங்குனில மேகமில்லாத நாள்ல 14 யூனிட் வரும், அக்னி நட்சத்திரத்துல 12, 12.5, ஐப்பசி அடைமழைல ஒரு நாள் 3ன்னு கூட எழுதியிருக்கேன். உங்க வீட்ல பேனல் இருந்தா நீயும் எழுதி வை, மே மாசம் முடிஞ்சதும் அனுப்பு, ஒத்துப் பாப்போம்.